அமீபா எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறது? கடலூர் லேப் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். மலம், சிறுநீர், ரத்தம் என்று நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குக் கீழேதான் பொழுது போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் வயிற்றுக்கடுப்போடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அமீபாவைப் பற்றியே கேட்டார்கள். "இது உள்ளே எப்படிக்கா ஒட்டிக்கிது? தண்ணி நிறைய குடிச்சா அடிச்சிக்கிட்டு போயிடாதா?" இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ஒட்டுவதில்தான் நோயே தொடங்குகிறது. அதனால் பொறுமையாக எழுதி வைக்கிறேன்.

அமீபாவுக்குக் கையும் இல்லை, நகமும் இல்லை. பிறகு எதை வைத்துப் பிடிக்கிறது?

அதன் தோலை வைத்துத்தான். அமீபா ஒற்றைச் செல் உயிரி, அந்தச் செல்லின் வெளிச்சவ்வு முழுக்கப் புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில, எதிரே இருக்கும் செல்லின் மேல் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்று தடவிப் பார்த்து, பொருந்தினால் கவ்விக்கொள்ளும். இப்படிச் சர்க்கரையை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதத்துக்கு லெக்டின் என்று பெயர்.

கண்ணாடி, பிளாஸ்டிக் மாதிரி சர்க்கரை இல்லாத பரப்பிலும் அமீபா ஒட்டும். அங்கே வேலை செய்வது மின்னூட்ட ஈர்ப்பும், பரப்பு தண்ணீரை விலக்குகிறதா சேர்க்கிறதா என்பதும். இரண்டு இடத்திலும் உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் முறுக்கேறி இழுத்துப் பிடித்தால்தான் பிடி நிற்கும். பிடியைத் தளர்த்தி முன்னால் வைத்து மறுபடி பிடிப்பதுதான் அமீபாவின் நடை. ஒட்டத் தெரியாத அமீபாவால் நகரவும் முடியாது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இன்னும் சூடு ஆறாத மலத்தில் கடுகளவு எடுத்து, வெதுவெதுப்பான சலைனில், அதாவது உப்புநீரில் கலந்து, கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியைப் போட்டு வைத்தால், முதலில் சிவப்பணுக்களும் உணவுத் துணுக்குகளும்தான் தெரியும். கொஞ்ச நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், சாம்பல் நிறத்தில் ஒன்று ஒரு பக்கம் பளிங்கு மாதிரி பிதுங்கும். அந்தப் பிதுக்கத்துக்குள் துகள்கள் பாய்ந்து நிரம்பும். கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு சலைன் விட்டால் சுற்றியுள்ள குப்பையெல்லாம் மிதந்து ஓடும். அது மட்டும் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே இரண்டு மூன்று சிவப்பணுக்களை விழுங்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

குடலில் எதைப் பிடிக்கிறது?

சீதபேதி உண்டாக்கும் அமீபாவின் பெயர் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. 1875-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோடர் லோஷ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மலத்தில் கண்டு எழுதினார். ஆனால் அது எப்படி ஒட்டுகிறது என்பது 1980-களில்தான் துலங்கியது. அமெரிக்காவில் ராவ்டின், பெட்ரி ஆகியோரின் ஆய்வுகளில், காலக்டோஸையும் என்-அசிட்டைல் காலக்டோசமைனையும் பிடிக்கும் லெக்டின் ஒன்று அமீபாவின் மேற்பரப்பில் இருப்பது தெரியவந்தது. 170 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள பெரிய துண்டும், 31 முதல் 35 கிலோடால்டன் வரையுள்ள சிறிய துண்டும் கந்தகப் பாலத்தால் பிணைந்த புரதம் அது. சர்க்கரையைப் பிடிக்கும் பகுதி பெரிய துண்டில் இருக்கிறது.

இதை நிரூபித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோதனைத் தட்டில் காலக்டோஸைக் கரைத்துவிட்டால் லெக்டினின் பிடியை அதுவே நிரப்பிவிடுகிறது, அமீபா செல்லில் ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. இன்னொரு சோதனையில், மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலியின் முனையில் காலக்டோஸ் இல்லாத செல்களை அமீபாவுக்கு முன் வைத்தார்கள். அவற்றில் அது சரியாக ஒட்டவே இல்லை. பூட்டையும் சாவியையும் தனித்தனியே கழற்றிப் பார்த்த மாதிரி.

இனி நம் உடம்பு வைத்திருக்கும் காவல். பெருங்குடலின் உள்சுவர் மேல் மியூசின் என்ற சளிப்படலம் உண்டு. அந்த மியூசின் முழுக்க இதே காலக்டோஸ் வகைச் சர்க்கரைகள் தொங்குகின்றன. அமீபா முதலில் சளியைத்தான் பிடிக்கிறது. பிடித்தபடியே சளியோடு சேர்ந்து மலத்தில் வெளியே போகிறது. நம்மைப் பிடிப்பதற்கான அதே கையை, நம் உடம்பு வேறொன்றைக் கொடுத்துப் பிடிக்கவைத்து அனுப்பிவிடுகிறது. ஹிஸ்டோலிட்டிகா தொற்றியவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பதற்கு இந்தச் சளி ஒரு பெரிய காரணம். அமீபா தன் புரதக்கத்தரியால், அதாவது சிஸ்டீன் புரோட்டியேஸ் என்ற நொதியால், சளியை வெட்டிக் கரைத்து அடியிலுள்ள செல்லைத் தொட்டுவிட்டால்தான் புண் உண்டாகிறது.

தண்ணீர் குடித்து அடித்துக்கொண்டு போகச் செய்ய முடியாதா என்றால், குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பெருங்குடலுக்கு வருமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும். பேதியாகும்போது உடம்பில் நீர் வற்றாமல் இருக்க உப்புச் சர்க்கரைக் கரைசல் கட்டாயம் வேண்டும். ஒட்டிய அமீபாவை அது கழுவாது.

சர்க்கரையைப் பிடிக்கிறது என்கிறீர்கள். எனக்கு ஷுகர் இருக்கிறது, இனிப்பை நிறுத்தினால் அமீபா வராதா?

இரண்டுக்கும் தொடர்பில்லை. அமீபா பிடிப்பது ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸை அல்ல. செல்லின் வெளிப்பரப்பில் புரதத்தோடு பின்னிக் கட்டியிருக்கும் சங்கிலியின் முனை அது. நீங்கள் அல்வா சாப்பிட்டாலும் கேழ்வரகுக் கூழ் குடித்தாலும் அந்தச் சங்கிலி அப்படியேதான் இருக்கும். ஷுகருக்காக இனிப்பைக் குறையுங்கள், அது வேறு கணக்கு.

அப்படியானால் காலக்டோஸையே மருந்தாகக் கொடுத்து ஒட்டாமல் தடுக்கலாமே?

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டது. சரியான கேள்வி. வாயால் கொடுக்கும் காலக்டோஸ் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு கல்லீரலுக்குப் போய்விடும். தப்பி வருவதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். அமீபா இருக்கும் இடத்துக்குத் தேவையான அளவு போய்ச் சேராது. அதே லெக்டினை எதிர்க்கும் தடுப்பூசி பற்றித்தான் ஆய்வுகள் நடக்கின்றன. வங்கதேசத்தில் டாக்காவின் மீர்ப்பூர் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, குடலில் இந்த லெக்டினுக்கு எதிரான ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் (கிருமியைத் தடுக்க உடம்பு செய்யும் புரதம்) உள்ள குழந்தைகளுக்குப் புதிய தொற்று குறைவாக வந்தது. கையைக் கட்டிவைத்தால் திருட முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மனிதருக்கான தடுப்பூசி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஒட்டிய பிறகு என்ன செய்கிறது?

கடிக்கிறது. வெகுகாலமாக, அமீபா நஞ்சைப் பாய்ச்சி செல்லைக் கொன்ற பிறகு விழுங்குகிறது என்றே நினைத்திருந்தார்கள். 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உயிரோடிருக்கும் செல்லையே துண்டு துண்டாகக் கடித்து விழுங்குவதைக் காட்டியது. கடிபட்ட செல்லுக்குள் கால்சியம் ஏறி, அது சாகிறது. லெக்டின் பிடி இல்லாமல் இந்தக் கடி நடப்பதில்லை.

இப்படித் துளைத்துப் போகும் புண்ணின் வாய் சிறிது, அடி அகலம், குடுவை மாதிரி. அங்கிருந்து ரத்தக்குழாய்க்குள் நுழைந்தால் அடுத்த நிறுத்தம் கல்லீரல், பெரும்பாலும் வலப்பக்கம். வலது விலாவுக்குக் கீழே வலி, குளிரோடு காய்ச்சல், சாய்ந்து படுக்க முடியாமை இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் இருக்காதீர்கள். கல்லீரல் சீழ்க்கட்டி நடுத்தர வயது ஆண்களுக்கே மிக அதிகம். கள், சாராயம் குடிப்பவர்களிடம் கூடுதலாகப் பார்ப்பதை நம் நாட்டு மருத்துவர்கள் பல காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மலத்தில் அமீபா தெரியாமல் போவது சகஜம். "மோஷன் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லியே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

ரெண்டு நாள் மாத்திரை போட்டேன், நின்றுவிட்டது. போதும்தானே?

போதாது. மெட்ரோனிடசோல் திசுவுக்குள் புகுந்த அமீபாவைக் கொல்லும். குடலின் உள்ளே உருண்டு கிடக்கும் சிஸ்ட்களை, அதாவது தடித்த ஓட்டுக்குள் சுருண்ட அமீபாக்களை, அது சரியாகத் துடைக்காது. அதற்காக டைலோக்சனைடு அல்லது பாரோமோமைசின் மாதிரி இன்னொரு மருந்தை மருத்துவர் தருவார். அதை விட்டுவிட்டால் வயிறு நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் கையால் சோறு சாப்பிடும் பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ரிப்போர்ட்டில் அமீபா சிஸ்ட் என்று இருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?

மைக்ராஸ்கோப்பில் அச்சாக ஒரே மாதிரி தெரியும் மூன்று அமீபாக்கள் உண்டு. ஹிஸ்டோலிட்டிகா, டிஸ்பார், மொஷ்கோவ்ஸ்கி. 10 முதல் 16 மைக்ரான் வரை அகலம், முதிர்ந்த சிஸ்டில் நான்கு உட்கரு, எல்லாம் ஒன்றுதான். டிஸ்பார் என்ற தனி இனம் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ப்ரூம்ப்ட் 1925-இலேயே சொன்னார், 1993-இல்தான் அது நிலைநாட்டப்பட்டது. டிஸ்பாருக்கும் இதே மாதிரி லெக்டின் உண்டு, அதுவும் ஒட்டும், ஆனால் ஹிஸ்டோலிட்டிகா மாதிரித் துளைத்துக்கொண்டு போவதில்லை. மொஷ்கோவ்ஸ்கி முதலில் மாஸ்கோவின் கழிவுநீரில் கிடைத்தது. நமக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில், ஜிப்மர் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், அங்குள்ள நோயாளிகளின் மலத்தில் அது இருப்பதைப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை மூலம் காட்டினார்கள்.

அதனால் என் மாதிரி சின்ன லேபில் இருந்து வரும் ரிப்போர்ட், "இந்த மூன்றில் ஏதோ ஒன்று" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. சிவப்பணுவை விழுங்கிய அமீபாவைப் பார்த்தால் கதை வேறு. மற்றபடி அமீபாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோ பிசிஆரோ வேண்டும். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுகிறார்களே, அதிலேயே செத்துவிடாதா?

ஒட்டும் வடிவம் சாகும், வயிற்று அமிலமே அதைக் கொல்லப் போதும். நமக்குள் வருவது அது இல்லை, சிஸ்ட். சிஸ்ட் ஒட்டாது, நகராது, தின்னாது. தடித்த ஓட்டுக்குள் சுருண்டு பயணம் மட்டும் செய்யும். வழக்கமான குளோரின் அளவை அது தாங்கிக்கொள்ளும், கொதிநீரைத் தாங்காது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சிறுகுடலில் ஓடு திறந்து ஒட்டும் வடிவம் வெளியே வந்த பிறகுதான் பெருங்குடலில் கைவரிசை ஆரம்பிக்கும்.

சானிடைசர் பற்றியும் கேட்பார்கள். சிஸ்டிடம் அதன் ஜம்பம் பெரிதாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவுவது அதை இடத்தைவிட்டு அகற்றிவிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

கண்ணில் அமீபா வரும் என்கிறார்கள். லென்ஸ் போடாதவருக்கும் வருமா?

வரும். நம் நாட்டில் பெரும்பாலும் லென்ஸ் போடாதவர்களுக்கே வருகிறது. இது அகாந்தமீபா, குடல் அமீபாவுக்கு வேறான இனம். மண், குளம், கிணறு, மேல்நிலைத் தொட்டி, தூசி என எங்கும் தனியே வாழக்கூடியது. உடம்பு முழுக்க முள் முள்ளாகப் போலிக்கால்கள், அதாவது செல்லில் இருந்து நீளும் பிதுக்கங்கள்.

எங்கள் தெருவில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகும் ஒரு பெரியவர். கரும்புச் சோகை, அதாவது காய்ந்த இலை, கண்ணில் அறைந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டார். வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள். பிறகு யாரோ கொடுத்த சொட்டு மருந்து, அதில் ஸ்டீராய்டு. நாலு நாள் சிவப்பு குறைந்தது. அப்புறம் ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பார்த்தால் பெரிய புண்ணே தெரியவில்லை, வலியோ உயிர் போகிற வலி. இந்த நோயின் கையெழுத்தே அதுதான், புண்ணுக்குப் பொருந்தாத வலி. நாள் போகப் போகக் கருவிழியில் வளையம் போல வெள்ளை தெரியும். அக்கி வைரஸ் புண் என்றோ பூஞ்சை என்றோ தவறாக நினைக்க வாய்ப்புண்டு. அவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஸ்டீராய்டு சிவப்பை மறைத்த அந்த நாலு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அங்கே ஒட்டுவது இன்னொரு பிடி, மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். கருவிழி மேற்பரப்புச் செல்களின் மேல் மேனோஸ் சங்கிலிகள் உண்டு. சிராய்த்து ஆறிவரும் இடத்தில் அவை கூடுதலாக வெளித்தெரியும். சோகை அறைந்த கண் அமீபாவுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது என்று சொல்வது இதனால்தான். மேனோஸைத் தொட்டதும் அமீபா, செல்லைக் கொல்லும் 133 கிலோடால்டன் புரதம் ஒன்றை வெளிவிடத் தொடங்குகிறது. தொடுதலே அதற்கு உத்தரவு. ஆரோக்கியமான கண்ணீரில் இந்தப் பிடியைத் தடுக்கும் ஐஜிஏ இருக்கிறது, நம்மில் பெரும்பாலோர் தப்பிப்பது அதனால்.

கண்ணில் நெல் சுனையோ சோகையோ பட்டால் நாக்கால் எடுக்க விடாதீர்கள், இலைச்சாறு விடாதீர்கள், கொதித்து ஆறிய நீரில் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். நமக்குக் கடலூர்-புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் இரட்டைச் சுவர் சிஸ்ட் தெரியும். பிஎச்எம்பி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிச் சொட்டுகளைப் பல வாரம், சில நேரம் பல மாதம் போட வேண்டியிருக்கும். சிஸ்டாக மாறி ஒளிந்துகொள்வதால்தான் இவ்வளவு நாள்.

கான்டாக்ட் லென்ஸில் எப்படி ஒட்டுகிறது?

வெறும் லென்ஸைவிட, பாக்டீரியா படிந்து வழவழப்பான லென்ஸில் நன்றாக ஒட்டும். அந்த வழவழப்பு அதற்குத் தீனியும் ஆகிறது, பிடிமானமும் ஆகிறது. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவது, போட்டுக்கொண்டே குளிப்பது, பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றுவது, மூன்றும் வேண்டாம். கரைசலில் ஊறப்போட்டால் போதும் என்று நினைக்காமல், உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து அலசுங்கள். ஒட்டியதைப் பெயர்ப்பது தேய்ப்புதான். லென்ஸ் டப்பாவை வாரக்கணக்கில் ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள்.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்குகிறதா? அதே சமாச்சாரம்தான். பாக்டீரியா படலம், அதை மேய்ந்துகொண்டிருக்கும் அமீபா. தண்ணீரைத் திறந்துவிட்டால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கேரளாவில் வந்த மூளை அமீபா நம் ஊர்க் குளத்திலும் இருக்குமா?

நெக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த மூளை அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் எங்கும் இருக்கலாம். 46 டிகிரி சூடுவரை தாங்கும். கடல்நீரில் அது வாழாது, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குளித்தவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம். குடித்தாலும் வராது. ஒரே வழி மூக்கு. மூக்கின் உச்சியில், வாசனை நரம்பு இருக்கும் சவ்வில் ஒட்டி, அந்த நரம்பையே கயிறாகப் பிடித்து மண்டையோட்டின் சல்லடை எலும்பு வழியாக மூளைக்குள் ஏறுகிறது. செல்களுக்கு இடையில் இருக்கும் ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொள்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிண்ணம் போன்ற வாய்களால் கடிக்கிறது.

அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. 2024-இல் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான், சீக்கிரம் கண்டுபிடித்ததால். குளத்தில் குளித்த 1 முதல் 12 நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், "குளத்தில் குளித்தான்" என்ற வார்த்தையை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் வற்றிச் சூடாகிக் கிடக்கும் குளத்தில் பிள்ளைகள் தலைகீழாகக் குதிப்பதைத் தடுங்கள். அடிச்சேற்றைக் கலக்க வேண்டாம்.

பல் ஈறிலும் அமீபா உண்டாமே?

உண்டு. எண்டமீபா ஜிஞ்சிவாலிஸ், 1849-இலேயே பதிவானது. இதற்குச் சிஸ்ட் கிடையாது, எச்சில் வழியாக நேராகப் பரவும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும். பல் மருத்துவரிடம் ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

மோஷன் டெஸ்டுக்கு எப்போது கொண்டுவர வேண்டும்?

தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள். அமீபாவின் பிடியும் நடையும் உடம்புச் சூட்டில்தான். ஆறினால் போலிக்காலை உள்ளிழுத்து உருண்டையாகிவிடும். அப்புறம் வெள்ளணுவா அமீபாவா என்று நானே தடுமாறுவேன். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுங்கள், சிறுநீர் கலக்க வேண்டாம், ரத்தமும் சளியும் உள்ள இடத்தில் இருந்து எடுங்கள். ஒரு தடவையில் தெரியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கும். முதுநகரில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், வீட்டிலிருந்து டப்பாவைத் தூக்கிவராமல் இங்கே வந்தே கொடுக்கலாம், பின்னால் கழிப்பறை இருக்கிறது. டப்பாவைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டுப் போகாமல் என் கையில் கொடுங்கள், ஸ்லைடைச் சூடாக வைத்திருப்பேன்.